ராஜையாவின் மதில்

"எனக்க மதிலுல ஒரு கல்லு எளகினா, திங்கக்கிழமையே ஸ்டே வாங்குவேன் ஆக்கும். பாத்துக்கிடும்."

புஷ்பபாய் அக்காவின் பக்கத்து வீட்டு ராஜையா, மதிலோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, செல்போன் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார். வெறும் மிரட்டல் இல்லை. அந்த மதிலுக்காக அவரும் அக்காவும் நெய்யாற்றின்கரை கோர்ட் வரை போய் வந்தவர்கள்.

போன மழையில் அக்காவின் வீடு இடிந்துவிட்டது. புதிதாகக் கட்ட, மணலும் கல்லும் இறக்கி வைக்கக்கூட அங்கே இடம் கிடையாது. ஒரு பக்கம் ராஜையாவின் மதில், மறுபக்கம் கால்வாய், பின்னால் செம்மண் குன்று. அதனால் எங்கள் கம்பெனியில் ரெடிமேட் வீடு வாங்கினார். முழு வீட்டையும் லாரியில் கொண்டுவந்து தூக்கி வைக்க வேண்டியதுதான்.

நாளை ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வீட்டுப் பிரதிஷ்டை. ஸ்டே வந்தால் அக்கா மறுபடியும் தங்கச்சி வீட்டுச் சாய்ப்புக் கொட்டகைக்குத்தான் போகவேண்டும்.

நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை இது. அதற்காகவே புது மஞ்சள் ஹெல்மெட், கழுத்தில் விசில். "பொடி மண்ணுகூட உதிராது. நான் உத்தரவாதம்," என்று ராஜையாவிடம் சொன்னேன். அங்கிருந்தவர்களில் அதை நம்பியவன் நான் ஒருவன்தான்.

ரோட்டின் மேலே கரண்ட் கம்பி. அங்கே நின்று வீட்டைத் தூக்க முடியாது. அதனால் கிரேன் ஓட்டும் ஜித்தினை முதலில் உள்ளே அனுப்பினேன். தரையோடு தரையாகப் போட்டிருந்த கான்கிரீட் கட்டைகளைத் தாண்டிப் போய், அவன் குன்றை ஒட்டி கிரேனை நிறுத்தினான். லாரி பின்பக்கமாக வாசலுக்கு வந்தது.

டீக்கடைக் கூட்டம் மொத்தமும் வந்து, தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி வழி சொன்னது. நான் விசிலை ஊதி எல்லோரையும் அடக்கினேன். எனக்கு அவர்களைவிட அதிகம் தெரியும் என்பதற்கு அந்த விசிலைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

வீடு மேலே எழுந்தது. ராஜையா நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரு பக்கம் மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளிதான். மறுபக்கம் உடனே கால்வாய். அக்கா கண்ணை மூடி ஜெபித்தார். நானும் ஜெபித்தேன், வாயிலிருந்து விசிலை எடுக்காமலே.

வீடு கச்சிதமாகக் கான்கிரீட் கட்டைகள்மேல் உட்கார்ந்தது. மதிலில் பாசிகூட உதிரவில்லை. காற்று மழைக்கு அசையக்கூடாது என்று போல்ட்டை முறுக்கி, மேலே வெல்டிங்கும் வைக்கச் சொன்னேன். அது முடிவதற்குள் லாரியைப் பாறசாலை வழியாகத் திருப்பி அனுப்பியும் விட்டேன். நிர்வாகத் திறமை என்றால் சும்மாவா!

ராஜையா மதில் முழுக்கத் தடவிப் பார்த்தார். கடைசியில் கேமராவை அணைத்துவிட்டு, "கொள்ளாம். பய மிடுக்கனாக்கும்," என்று மெச்சினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

தலைகால் புரியவில்லை. புதுவீட்டு வாசலில் நின்று செல்ஃபி எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். இனிமேல் இதைவிடப் பெரிய வேலைகளையும் என்னிடம் தயங்காமல் தரலாம் என்று கீழே எழுதினேன்.

அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து ஜித்தினின் குரல் கேட்டது.

"அண்ணா, கிரேனு இனி எது வழியாக்கும் வெளிய வாறது?"