பத்திரிகையில் மங்கிய பட்டம்

மண்டபத்தில் எல்லார் கையிலும் இருந்த கல்யாணப் பத்திரிகையில், பெண்ணின் அம்மா மரகதவல்லியின் பெயருக்குப் பக்கத்தில் 'பல் டாக்டர்' என்ற எழுத்து மங்கிக்கொண்டே வந்தது. புதுப் பாடம் படிக்காதவர்களின் பட்டம் இப்போதெல்லாம் அச்சடித்த தாளிலிருந்தே அழிந்துவிடும். கல்யாண அலைச்சலில் அவள் அந்தப் பாடத்தின் பரீட்சையைத் தள்ளிப்போட்டிருந்தாள்.

"அம்மா, முகூர்த்தத்துக்குள்ள முடிச்சிருவியா?" என்றாள் கூறைப்புடவையில் நின்ற மகள் யாழிசை.

"கடைசிக் கேள்விடி! விழுந்த பல்லைத் திரும்ப முளைக்க வைக்கிறாங்க. எவ்வளவு சுலபமா இருக்கு தெரியுமா!"

மணமகள் அறையில் சம்மணமிட்டிருந்த மரகதவல்லி கைபேசித் திரையில் விடையைத் தட்டினாள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள்.

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறிய அதே நேரத்தில், மண்டபமெங்கும் பத்திரிகைகளில் அவள் பட்டம் கன்னங்கரேலென்று எழுந்தது. அட்சதையோடு கைதட்டலும் சேர்ந்து விழுந்தது.

மாப்பிள்ளையின் அப்பா, வக்கீல் கதிர்வேலு, மெல்ல அவள் பக்கம் ஒதுங்கினார். பத்திரிகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

"சம்பந்தியம்மா, அச்சாபீஸ்காரன் விட்டுட்டான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்," என்றார் ரகசியமாக. "இந்த வயசுல புதுப் பாடம் படிக்க என்னையும் சேத்துக்குவாங்களா?"