வீழ்ந்தவனின் மூச்சு

நகரமன்றத்து மேடையில் அபிமன்யு வீழ்ந்தான். அவ்வேடம் பூண்ட வங்கி எழுத்தர் இளவழுதி, சென்ற ஆண்டு மருத்துவமனையில் மூச்சுக்கருவியோடு கிடந்து மீண்டவன். முன்வரிசையிலிருந்த அவன் தாய் செண்பகவல்லி மேடையேறி, அவன் நாசியருகே விரலை வைத்தாள்.

"அம்மா, எறங்கும்மா, மானம் போகுது" என்று பிணம் முணுமுணுத்தது. ஒலிவாங்கி அதை அரங்கெங்கும் பரப்ப, அவை சிரித்தது.

"கொன்னவன் நானே சொல்றேங்க்கா, உசுரோடதான் இருக்கான். எறங்குங்க" என்றான் கதாயுதம் ஏந்திய சயத்திரதன்.

"தெரியும்யா. மூச்சு சுடச்சுட வருது. இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துக்கறேன்."

சயத்திரதன் கதாயுதத்தைக் கீழே வைத்தான். விரல்மேல் படர்ந்த வெம்மையைத் திருவமுதென ஏந்தி அவள் வீற்றிருந்தாள். அடுத்த காட்சியில் மகனைப் பறிகொடுத்துக் கதறவேண்டிய அருச்சுனன், திரையோரத்தில் அழ மறந்து கைகூப்பி நின்றான்.