காலிப் படகு

திரையில் படகு காலியாக இருந்தது.

அவள் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பச்சை வண்ணம். பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணும் சரி. நான்கு நாளாகத் தேடிய படகு இதுதான். எஞ்சின் நின்றுபோய், நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போய், கரையிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி மிதந்துகொண்டிருந்தது.

ஆறு பேர் போன படகு.

தளத்தில் பாதியை மூடிய நீலத் தார்ப்பாய். ஒரு வலைக்குவியல். கவிழ்ந்து கிடந்த பிளாஸ்டிக் கூடை. ஆள் மட்டும் இல்லை.

ஆளில்லா விமானத்தின் வெப்பக் கேமராவுக்கு மாற்றிப் பார்த்தாள். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் தார்ப்பாய் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. கேமரா எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாகக் காட்டியது. இத்தனை விலை கொடுத்து வாங்கியும் இதுகூடத் தெரியவில்லையா என்று மனதுக்குள் திட்டினாள்.

திட்டினாலும் அந்த ஆளில்லா விமானத்தின் மேல் அவளுக்குப் பாசம் உண்டு. நேற்றுக் காலை, கரையில் இதே குளிர் அறையில் உட்கார்ந்து, அதை மேலே அனுப்பியவளே அவள்தான். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போனாள். குளித்தாள். ரசம் ஊற்றிச் சாப்பிட்டுத் தூங்கினாள். திரும்பி வந்தாள். இருபத்தாறு மணி நேரமாக அது இறங்கவே இல்லை. முந்தாநாள் போன ஹெலிகாப்டர் இருபது நிமிடம் சுற்றிவிட்டு எண்ணெய் போதாமல் திரும்பிவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. உள்ளே இருப்பவர்களும் வீடு போய்ச் சேர வேண்டுமே.

அவளுடைய மேலதிகாரி, கமாண்டர் வேதரத்தினம், நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"காலிதாம்மா. அலை அடிச்சு விழுந்திருக்கணும். இல்ல, நீந்திரலாம்னு குதிச்சிருக்கணும். நீரோட்டத்தோட தெக்கால போய்த் தேடுவோம்."

அவர் சொன்னதில் தவறில்லை. ஆட்கள் தண்ணீரில் இருந்தால் ஒவ்வொரு நிமிடமும் உயிர். அருகில் இருந்த கப்பலோ ஒன்றே ஒன்று. அது படகுக்கு வருவதா, தெற்கே போவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அவள் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலில் நல்ல காற்று. அதன் ஓரம் படபடக்கவில்லை.

கட்டியிருக்கலாம். உள்ளிருந்து யாராவது இழுத்துப் பிடித்தும் இருக்கலாம்.

"ஒளிஞ்சிருக்காங்க சார்."

"யாரு?"

"படகுக்காரங்கதான். நம்பர் படிக்க நாம கீழ இறங்கினோம்ல. சத்தம் கேட்டிருக்கும்."

"நாம நம்ம கடற்படைம்மா. நம்மகிட்ட எதுக்கு ஒளியணும்?"

"மேல சத்தம் போடுறது யாருன்னு அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

அவள் அப்பாவும் விசைப்படகில் போனவர். ஒருமுறை எல்லை தாண்டிப் போய் அடிவாங்கி, முன்பல் இரண்டைத் தொலைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு கடலில் எந்த இரைச்சல் கேட்டாலும் முதல் வேலையாகத் தார்ப்பாய்க்குள் புகுந்துவிடுவார். ஒருதடவை காப்பாற்ற வந்தவர்களிடமிருந்தே ஒளிந்திருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரிப்பார்கள்.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. தான் நினைப்பது தவறென்றால், தெற்கே தண்ணீரில் தத்தளிக்கும் ஆறு பேரைக் கொன்ற பாவம் அவளுக்குத்தான்.

"சரி, என்ன செய்யலாங்கிற?"

"சத்தம் கேக்காத உயரத்துக்கு ஏறிடலாம் சார். போயிட்டோம்னு நெனச்சா வெளிய வருவாங்க."

"எவ்ளோ நேரத்துல?"

அவளுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் உள்ளேயே கிடப்பீர்கள் என்று அப்பாவிடம் கேட்டதே இல்லை.

"அரை மணி நேரம்," என்றார் அவரே. "அதுக்கு மேல என்னால முடியாதும்மா."

அவள் விமானத்தை ஏற்றினாள். திரையில் படகு சிறுத்துக்கொண்டே போனது. கேமராவை நெருக்கி அதைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

பத்து நிமிடம்.

இருபது.

 மேஜையில் இருந்த டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

எரிபொருள் இன்னும் ஆறு மணி நேரத்துக்கு இருந்தது. விமானம் காத்திருக்கும். தெற்கே யாராவது மிதந்துகொண்டிருந்தால் அவர்களால் முடியாது.

இருபத்தாறாவது நிமிடத்தில் வேதரத்தினம் ரேடியோவைக் கையில் எடுத்தார். கப்பலைத் தெற்கே அனுப்பப் போகிறார்.

தார்ப்பாயின் ஓரம் மேலே எழும்பியது.

"சார்."

ஒரு தலை. வானத்தை இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு முழு ஆளாக வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொருவன். மூன்று. நான்காமவனுக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தான்.

ஐந்து.

அவள் அழுதாள். மேலதிகாரி நிற்கிறாரே என்றெல்லாம் தோன்றவில்லை.

வேதரத்தினம் கப்பலைப் படகுக்கு வரச் சொன்னார். இடத்தைச் சொன்னார். தூரத்தைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வேறு யாரும் வரவில்லை.

"அஞ்சுதாம்மா," என்றார் மெல்ல.

அவளும் எண்ணியிருந்தாள்.

கடைசியாக வந்தவன் ஒரு கேனைச் சாய்த்து, அதன் மூடியில் தண்ணீர் பிடித்தான். ஒரே ஒரு மூடி. மற்றவர்கள் யாரும் கை நீட்டவில்லை. சிந்தாமல் பொத்திக்கொண்டு தார்ப்பாய்க்குள் தவழ்ந்து போனான்.

வெறும் மூடியோடு வெளியே வந்தான்.

மறுபடியும் பிடித்தான்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சார், கப்பல்ல டாக்டர் இருக்காரான்னு கேளுங்க."