இழுக்காத கார்

"சர்வீஸ் பண்ணியா, சாகடிச்சியா? காரு மாட்டு வண்டி மாதிரி போகுதுடா!"

தங்கையின் கணவர் போட்ட கத்தலில் ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது. நான் பானெட்டைத் திறந்தேன்.

"இதுதான் சூப்பர்சார்ஜர், மாப்பிள்ளை. என்ஜின் சுத்தும்போது ஒரு பெல்ட் இதையும் சேர்த்துச் சுத்தும். இது காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளும். அதுலதான் அந்தப் பாய்ச்சல்."

"பாடம் எடுக்காத. இப்ப என்ன கேடு?"

"அந்த பெல்ட் இல்ல."

"எந்தத் திருட்டு நாய் கழட்டுச்சு?"

காருக்குள் ஏழு மாத வயிற்றைப் பிடித்தபடி இருந்த தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த நாய் நான்தான். 'நூத்தம்பதுல போறாருண்ணா, பயமா இருக்கு'ன்னு அழுதா. குழந்தை பொறக்கட்டும், மாட்டித் தரேன். அதுவரைக்கும் மாட்டு வண்டியிலயே போங்க."