கேஸ் கம்பெனிக்காரன் ஓட்டு

இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா, இனிமே நான் குடிக்கிற காபியெல்லாம் ஆறிப் போகட்டும். அத்தனையும் நடந்தது.

எங்க ஊரு டெக்சாஸ்ல ஐர்விங். இங்க கேஸ் கம்பெனி ரேட்டை ஏத்தணும்னா ஒரு கமிஷன்ல போய் கேக்கணும். ரயில்ரோடு கமிஷன்னு பேரு. ரயிலுக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அந்த கமிஷனரை நாமதான் ஓட்டுப் போட்டு எடுக்கணும்.

சாந்தாமணி அக்கா வீட்டுலயே இட்லி, குழம்பு செஞ்சு டப்பா டப்பாவா விக்கிறவங்க. காலைல அடுப்பைப் பத்த வெச்சா மத்தியானந்தான் அணையும். இன்னொரு தடவ ரேட்டு ஏறுச்சுன்னா யாவாரத்தை மூடிட்டு உங்க வீட்டுலதான் வந்து உக்காருவேன்னு டப்பா வாங்குற எங்க தமிழ் குரூப்பு ஆளுங்களையெல்லாம் மிரட்டி வெச்சிருந்தாங்க.

ரேட்டை ஏத்த விடமாட்டேன்னு அந்த கமிஷனர் பதவிக்கு ஒரு வெள்ளக்காரம்மா எலெக்‌ஷன்ல நின்னுச்சு. எங்க குரூப்பு மொத்தமும் அந்தம்மா பக்கம்.

ஒருத்தர் மட்டும் வாயே தொறக்கல. சேனாபதி. அவரு வேலை பாக்குறதே கேஸ் கம்பெனியில. ரேட்டு ஏறலைன்னா இந்த வருஷம் யாருக்கும் இன்க்ரிமென்ட் இல்லன்னு அவங்க மேனேஜர் சொல்லிட்டாராம்.

நாங்க விடுவோமா? அவரு டப்பா வாங்க வந்தா, கம்பெனி ஆளு வராரு, அடுப்பை மறைங்கன்னு ஓட்டுவோம். குரூப்பு அட்மின் திருமூர்த்தி ஒருபடி மேல போயி, அவரை வாட்ஸ்அப் குரூப்புலருந்தே தூக்கிட்டான். அக்கா அவரு டப்பாவுல மட்டும் வடை வெக்கிறதை நிறுத்திட்டாங்க. மனுஷன் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போவாரு.

ஓட்டுப் போட்ட அன்னிக்கு சாயங்காலம் அக்கா வீட்டுல பாயாசம். ஓட்டுப் போட்டா குடுக்குற ஸ்டிக்கரை நெஞ்சுல ஒட்டிக்கிட்டு, ஏதோ நாங்களே ஜெயிச்ச மாதிரி உக்காந்திருக்கோம். சேனாபதி உள்ள வந்தாரு. அவரு சட்டையிலயும் ஸ்டிக்கர்.

திருமூர்த்தி கேட்டான். "என்ன சார், முதலாளிக்குக் குத்தியாச்சா?"

"அந்தம்மாவுக்குத்தான் போட்டேன்."

"அப்ப இன்க்ரிமென்ட்?"

"போனாப் போகுது. அக்கா யாவாரத்தை மூடிட்டா நான் எங்க போயி சாப்பிடறது?"

யாரும் நம்பல. திருமூர்த்தி என்னைப் பாத்து கண்ணடிச்சான்.

அப்புறம் சேனாபதி அப்பாவியா ஒண்ணு கேட்டாரு. "ஓட்டு மெஷின்ல கவர்னர் பதவி மேலயே வந்துடுச்சு. இந்தம்மா பேரைத் தேடி நாலஞ்சு ஸ்கிரீன் தள்ளிப் போக வேண்டியதாப் போச்சு. நீங்கள்லாம் எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"



நம்மூர்ல ஓட்டுன்னா ஒரு பட்டன், ஒரு பீப்பு, முடிஞ்சுது. இங்க ஒரே மெஷின்ல வரிசையா எத்தனையோ பதவிக்கு ஓட்டு. அந்தப் பழக்கத்துல நான் கவர்னருக்குத் தட்டிட்டு, மீதியெல்லாத்தையும் படிக்காமலே நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தள்ளிட்டு வந்தவன். திருமூர்த்தியப் பாத்தேன். அவன் பாயாசத்துல முந்திரி தேடிக்கிட்டிருந்தான்.

அக்காதான் மெதுவா வாயத் தொறந்தாங்க. "அடுப்புல சாம்பாரு கெடந்துச்சுங்க தம்பி. நானும் கவர்னரோட நிறுத்திட்டு ஓடியாந்துட்டேன்."

சரி, சிரிச்சீங்கல்ல? சும்மா எந்திரிச்சுப் போக முடியாது. கதை சொன்ன கூலி ஆளுக்கு அஞ்சு டாலர், போனை எடுத்து பணம் அனுப்புற வென்மோ ஆப்புல தட்டுங்க. சில்லறை இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க.