ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு குடித்தனம்

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" துளசி மறுபடியும் கேட்டாள். வாசல் கதவோரம் அவளுடைய பெரிய சூட்கேஸ் பூட்டித் தயாராக நின்றது.

"இப்பதான்க்கா வந்தேன். மூடியையே இன்னும் கழட்டல" என்றான் கோகுலன். மேசைக்கு அடியில் மண்டியிட்டிருந்த அவனுக்குள் ஓர் உறுத்தல். பாயான் பாருவில் இருக்கும் இந்த அடுக்குமாடி வீட்டுக்குப் போன வாரம்தான் வந்து, இதே கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதற்குள் மறுபடியும் படுத்துவிட்டது என்றால் தன் வேலையில்தான் கோளாறோ?

போன வாரம் பளிச்சென்று இருந்த ஸ்க்ரூக்கள் இன்று கீறலும் கோணலுமாக இருந்தன. அதை யோசிக்க அவனுக்கு நேரம் இல்லை. துளசியின் கைப்பேசி அடித்தது.

"ஆமாக்கா, தம்பி வந்துட்டாரு. பாத்துக்கிட்டு இருக்காரு." பேசி முடித்து, சுவரைப் பார்த்துச் சொன்னாள். "காமினி அக்கா ஜூரு டோல் வரைக்கும் வந்துட்டாங்களாம். பாலம் தாண்டுனா இங்கதான்."

அந்தச் செய்தி சுவருக்கு இல்லை, கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்த அவள் கணவன் புவனேஸ்வரனுக்கு. அவன் காதில் விழாதவன் மாதிரி நடையை வேகப்படுத்தினான்.

அவள் கல்யாண அழைப்பிதழ் வடிவமைப்பவள். அவளுக்கு விண்டோஸ் வேண்டும். அவன் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன், அவனுக்கு லினக்ஸ். அவளைக் கேட்காமலேயே அதே கம்ப்யூட்டரில் அவன் லினக்ஸையும் ஏற்றி வைத்தான். அன்று ஆரம்பித்த சண்டை மாமியார், சம்பளம், மறந்துபோன கல்யாண நாள் என்று எங்கெங்கோ போய், ஒரு மாதமாகப் பேச்சே இல்லாமல் நின்றுவிட்டது. இன்று ஈப்போவிலிருந்து அக்கா வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறாள். துளசியின் வேலை எல்லாம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பென்டிரைவில் எடுத்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

"ஹார்ட் டிஸ்க் கேபிள் கழண்டு கெடக்கு" என்றான் கோகுலன். மாட்டிவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டான். திரைக்கு உயிர் வந்தது. ஆனால் கறுப்புத் திரையில் வெள்ளையாக நாலு எழுத்து மட்டும் நின்று துடித்தது.

"இது வேற கோளாறு. விண்டோஸா, லினக்ஸான்னு கேக்குமே, அந்த மெனு வரலக்கா. ரொம்ப அவசரம்னா டிஸ்க்கக் கழட்டி என் லேப்டாப்புல மாட்டி, உங்க ஃபைல மட்டும் காப்பி பண்ணிக் குடுத்துர்றேன். கொஞ்ச நேர வேலைதான்."

"வேணாம்" என்றாள் துளசி.

"வேணாம்" என்றான் புவனேஸ்வரன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஒரு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

"பழைய டிஸ்க் தம்பி, கழட்டுனா போயிரும்" என்று அவன் இழுத்தான். அவள் பழம் நறுக்கி வருவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கோகுலன் தன் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, உள்ளே போய்ப் பார்த்தான். பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, மெனு ஃபைலோட பேர யாரோ மாத்தி வச்சிருக்காங்க. இது தானா நடக்காதுலா."

புவனேஸ்வரன் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"மெதுவா பேசு தம்பி. நாந்தான். போன வாரம் செஞ்சதும் நாந்தான். இது ஓடுச்சுன்னா அவ ஃபைல எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவா. போகாதன்னு சொல்லணும்னுதான் நெனைக்கிறேன், வாய் வர மாட்டேங்குது. இன்னிக்கு ஒரு நாள் சரியாகலன்னு சொல்லிரு தம்பி."

தன் வேலையில் தப்பில்லை என்று தெரிந்ததும் கோகுலனுக்கு அப்பாடா என்று இருந்தது. தன் வேலையையே சந்தேகப்பட வைத்த மனிதர் மேல் கோபமும் வந்தது.

"மெனுவ மாத்துனீங்க, சரி. கேபிள எதுக்குண்ணே கழட்டுனீங்க?"

"எந்தக் கேபிளு? நான் மூடியத் தொடவே இல்லையே. எங்கிட்ட ஸ்க்ரூடிரைவர் செட்டே இருக்கு. நான் கழட்டியிருந்தா ஸ்க்ரூவ இப்படியா கொதறி வச்சிருப்பேன்?"

துளசி கொய்யாத் தட்டோடு வந்தாள். தட்டின் ஓரத்தில் கிடந்த பழக்கத்தியின் முனை ஒருபக்கமாக மடங்கியிருந்தது. "அக்கா பாலத்துல வந்துட்டாங்களாம்" என்றாள், இந்த முறையும் சுவரிடம்.

புவனேஸ்வரனின் முகம் செத்துப்போனது. "அக்காவோட காடிய நிப்பாட்ட எடம் காட்டணும்" என்று முணுமுணுத்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினான்.

"சரியாயிருச்சா தம்பி?"

கோகுலனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் சொன்ன பொய்யைச் சொல்வதா, வேலையை முடிப்பதா என்று விரல் விசைப்பலகை மேலேயே தயங்கி நின்றது. "கிட்டத்தட்ட ஆயிருச்சுக்கா" என்று சொல்லிவைத்தான்.

துளசி வெளியே லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்கும்வரை நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கத்தியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அந்தக் கேபிள மறுபடியும் கழட்டி விட்ருங்க தம்பி."