செத்த சிலிண்டர்

சிலிண்டருக்குள் விட்டு அளக்கும் கேஜின் முள் மூன்றாவது முறையும் அதே இடத்தில்தான் போய் நின்றது.

"அரை மில்லி," என்றார் பட்டறைக்காரர் தும்பால். "மேலயும் அரை, நடுவுலயும் அரை, கீழயும் அரை. அவ்வளவும் தேய்மானம். ஒரு இம்மி மாறல, பார்லின்."

புகை கக்குகிறதே, பிஸ்டன் ரிங்கை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் காலையில் பார்லின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். இப்போது பட்டறை வாசலில், இன்ஜினைப் பிரித்துப் போட்ட நிலையில் அவனுடைய பெச்சாக் நின்றுகொண்டிருந்தது. போருக்கு வந்த வெள்ளைக்காரன் விட்டுப்போன பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள், பக்கத்தில் சவாரி ஏறும் பெட்டி. சியாந்தார் ஊரில் அவனுக்குச் சோறு போட்டது அது ஒன்றுதான். இந்த வயதில் எந்தத் தோட்டத்துக்காரன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

"கீழ அவ்வளவா தேயாதே, துலாங்? நெருப்பு படுற மேல்பக்கம்தானே தேயும்? போன தடவை நீங்களே சொன்னீங்க." ஸ்டாண்டில் எல்லோருக்கும் தும்பால் துலாங்தான், மாமா முறை.

"அது ஒழுங்கா ஓட்டுறவன் வண்டிக்கு. சினாபுங் எரிமலை சாம்பலக் கொட்டினப்போ ஊரே வண்டிய மூடி வச்சுட்டு வீட்ல கெடந்துச்சு. நீ மட்டும் மூக்குல துணியக் கட்டிக்கிட்டு சவாரி ஏத்துன. அந்தச் சாம்பல் உப்புத்தாள்டா. மேல கீழன்னு பாத்தா தேய்க்கும்?"

அந்த நாட்களில் சவாரி என்னவோ அள்ளிக்கொண்டு வந்தது.

"இன்னும் பெரிய பிஸ்டனாப் போட்டா?"

"நீ போட்டிருக்கறதே கடைசி அளவு. இதுக்கு மேல பிஸ்டன் கிடையாது."

"உள்ள ஸ்லீவ் குழாய் அடிச்சுப் பாக்கலாமா?"

"சுவரு ஓடா மெலிஞ்சு கெடக்கு. அடிச்சா பொளந்துக்கும்."

"வேற சிலிண்டர் எங்கயாவது..."

"இருந்தா சொல்ல மாட்டேனா?" என்றார் தும்பால்.

அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை. அப்படிப்பட்டவராக இருந்திருந்தால் பார்லின் தப்பித்திருப்பான். முன்பொரு முறை எவனோ தேய்ந்துபோன சிலிண்டருக்கு மெருகேற்றி ஓர் அப்பாவி தலையில் கட்டிவிட்டான். நடுரோட்டில் பிஸ்டன் இறுகி வண்டி கவிழ்ந்து, ஓட்டியவன் கால் போயிற்று. அன்று முதல் தும்பால் செத்துப்போச்சு என்று சொன்ன எந்தச் சிலிண்டரும் அவர் பட்டறையை விட்டு முழுசாக வெளியே போனதில்லை. உடைத்துத்தான் அனுப்புவார். அதையும் வண்டிக்காரன் கையாலேயே உடைக்க வேண்டும்.

சம்மட்டியை எடுத்துக் கொடுத்தார். "நீயே அடி. அப்பதான் ஆச விட்டுப்போகும்."

பார்லின் அடித்தான். முதல் அடியிலேயே வார்ப்பிரும்பு சத்தம் போட்டுப் பிளந்தது. அடுத்த அடியில் சிதறியது. அவன் அங்கேயே குந்தி உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். வீட்டில் மனைவி ருமோன்டாங்கிடம் போய் என்ன சொல்வது என்று நினைக்க நினைக்க அழுகை கூடியது.

துண்டுகளை அவன் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தபோது சாஹட் உள்ளே வந்தான். அதே ஸ்டாண்டில் பெச்சாக் ஓட்டுகிறவன். அவனுடைய அக்குளில் கிரீஸ் அப்பிய ஒரு சிலிண்டர் இருந்தது.

"என்ன லாயே, பழைய இரும்புக் கடை போட்டாச்சா?" என்று மச்சான் முறை வைத்துக் கேட்டவன், பார்லினின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று அடங்கிப்போனான். "துலாங், இதக் கொஞ்சம் அளந்து குடுங்க. இதுவும் கடைசி அளவுதான்."

தும்பால் கிரீஸைத் துடைத்துவிட்டுக் கேஜை உள்ளே இறக்கினார். மேலே வைத்துப் பார்த்தார், கீழே வைத்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"உனக்கும் இன்னிக்குக் கெட்ட நேரம், சாஹட். அரை மில்லி தேஞ்சிருக்கு, மேலயும் கீழயும்." அவர் கை சம்மட்டியைத் தேடியது.

"ஐயையோ, அதத் தொடாதீங்க! நேத்துதான் மேடான் டவுன்ல உள்ள கடைஞ்சு எடுத்துட்டு வந்தேன். இன்னும் வண்டில ஏத்தவே இல்ல!"

"அப்ப மேடான்காரன் அளவைக் கோட்டை விட்டுட்டான்."

சாஹட் பையிலிருந்து புதுப் பிஸ்டனை எடுத்துச் சிலிண்டருக்குள் விட்டு அழுத்தினான். கொஞ்சமும் ஆடாமல் அது வழுக்கிக்கொண்டு இறங்கி, கையை எடுத்த இடத்தில் அப்படியே நின்றது.

தும்பாலுக்கு முகம் வெளுத்துவிட்டது. காலையில் அவர் கேஜின் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த அளவு வைத்த மைக்ரோமீட்டர் மேசைமேல் திருகி இறுக்கியபடியே கிடந்தது. மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு அதைச் சாஹட்டிடம் நீட்டினார். அவன் அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனான்.

"துலாங், இது அரை மில்லிக் கோடு. நீங்க முழு மில்லிக் கோடுன்னு எண்ணி, அரை மில்லி குறைச்சு வச்சிருக்கீங்க. இந்தக் கேஜை எதுல விட்டாலும் அரை மில்லி கூடத்தான் காட்டும்."

தும்பால் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பார்லின் உடைந்த துண்டுகள் இருந்த சாக்கைத் தோளிலிருந்து மெல்லக் கீழே இறக்கினான்.

"அப்போ என்னோடது?"